பெரிய தொட்டி, உப்புத் தண்ணீர், சிக்லிட் மீன்கள்

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேப்பூர் ஆட்டுச்சந்தையில் போய் நின்றால் ஒரு விஷயம் புரியும். அங்கே யாரும் ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுவதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள், முதுகெலும்பைத் தடவுவார்கள், இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். குட்டி என்றால் தாய் எப்படி என்று விசாரிப்பார்கள். ஆறு மாதத்தில் எவ்வளவு எடை வரும், என்ன தின்னும், பட்டியில் இடம் இருக்கிறதா... எல்லாக் கணக்கும் பணம் கை மாறுவதற்கு முன்பே முடிந்துவிடும். அதே மனிதர், மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு வண்ணமீன் கடைக்குள் நுழைந்தால் கதையே வேறு.

"இது ஜோடி என்னப்பா விலை?"

"உங்களுக்குக் குறைச்சுத் தரேண்ணே."

"சரி, நாலு போடு."

அவ்வளவுதான் வியாபாரம். இந்த மீன் எவ்வளவு பெரிசாகும், எத்தனை வருஷம் இருக்கும், என்ன தண்ணீர் வேண்டும் என்று ஒரு கேள்வி கிடையாது. கடைக்காரரும் சொல்லமாட்டார். அவர் ஏன் சொல்லப்போகிறார்?

இது கடலூர் மாவட்டத்து வேப்பூர். (பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் கூட்டுரோடு. கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, கரும்பு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டில் சிக்லிட் மீன்களுக்காகப் பெரிய தொட்டி வைக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஹாலில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அது பத்தவில்லை. "பெரிசா ஒண்ணு வாங்கிடலாம்பா" என்கிறான் பையன். எதிலிருந்து தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் தொட்டியின் அழகிலிருந்து தொடங்குகிறார்கள். அடுத்து விளக்கு, பின்பக்கம் ஒட்டும் நீலப்படம், குமிழி விடும் புதையல் பெட்டி. மீன் அப்புறம். தண்ணீரைப் பற்றி மீன் செத்தபிறகுதான் பேச்சே வரும். இந்த வரிசை முழுக்கத் தலைகீழ். வேப்பூர் மாதிரி ஊரில் முதலில் பார்க்கவேண்டியது குழாயில் வரும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எந்த மீன் வாழும் என்பது இரண்டாவது. அந்த மீன் முழு வளர்ச்சியில் எவ்வளவு இருக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் தெரிந்தால் தொட்டியின் அளவு தானாக வந்து நிற்கும்.

அதற்கு முன், சிக்லிட் என்றால் என்ன? பெயர்தான் வெளிநாட்டுப் பெயர், ஆள் ஒன்றும் புதியவர் இல்லை. ஏரியில் தூண்டில் போட்ட எந்தப் பையனுக்கும் தெரிந்த ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தத் திலாப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மீன் உற்பத்தியைப் பெருக்கத்தான் கொண்டுவந்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே அது பெருகிய வேகத்தைப் பார்த்து மிரண்டு, 1959-இல் அதைப் புதிதாக நீர்நிலைகளில் விடக்கூடாது என்று தடை போட்டார்கள். மீன் அந்தத் தடையைப் படித்ததாகத் தெரியவில்லை! இன்று தமிழ்நாட்டில் ஜிலேபி இல்லாத ஏரியைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

கோடையில் ஏரித் தண்ணீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியும். அவை ஆண் ஜிலேபி வாயால் தோண்டிய கூடுகள். பெண் அங்கே முட்டையிட்டு, அந்த முட்டைகளை வாய்க்குள் எடுத்து வைத்துக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும் வரை கிட்டத்தட்டப் பட்டினியாகவே திரியும். ஆபத்து என்றால் குஞ்சுகள் மறுபடி தாயின் வாய்க்குள் ஓடிவிடும். மண்ணைத் தோண்டுவது, எல்லை பிரித்துச் சண்டை போடுவது, பிள்ளைகளை வளர்ப்பது... சிக்லிட் குடும்பத்தின் மொத்தக் குணமும் இதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தொட்டி வைப்பவர் எதைப் பார்த்து வியக்கிறாரோ, அதை ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற பையன் சும்மாவே பார்த்திருக்கிறான்.

இந்தக் குணம்தான் தொட்டியைப் பெரிசாகக் கேட்கிறது. கப்பி, மோலி போன்ற சின்ன மீன்கள் கூட்டமாகச் சுற்றும், யாரும் யாரையும் துரத்திக் கொல்வதில்லை. சிக்லிட் அப்படி இல்லை. தரையில் ஒரு இடத்தைப் பிடித்து "இது என் வீடு" என்று பட்டா போட்டுக்கொள்ளும். துரத்தப்பட்ட மீனுக்கு ஓடி ஒளிய இடம் வேண்டும். அந்த இடம் உயரத்தில் கிடைக்காது. நீளத்திலும் அகலத்திலும்தான் கிடைக்கும். கடைகளில் பார்க்க எடுப்பாக இருக்கும் ஒல்லியான உயரத் தொட்டி சிக்லிட்டுக்குக் கிட்டத்தட்ட வீண். ஒன்றரை அடி உயரம் போதும். முன்னிருந்து பின்வரை உள்ள அகலத்தை ஒன்றரை அடிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, மிச்சக் காசை நீளத்தில் போடவேண்டும்.

கடையில் அதிகம் விற்பது எது? ஆஸ்கர். இரண்டு அங்குலக் குஞ்சாக, கறுப்பும் ஆரஞ்சுமாக, பெரிய கண்ணோடு, கையை ஆட்டினால் ஓடி வரும். யாருக்குத்தான் பிடிக்காது! அது ஒரு வருஷத்தில் முக்கால் அடியைத் தொடும். முழு வளர்ச்சியில் ஓர் அடி, சில சமயம் அதற்கும் மேல். வழக்கமான இரண்டடித் தொட்டியின் அகலமும் ஓர் அடிதான். அதாவது மீன் உடம்பை வளைக்காமல் திரும்பக்கூட முடியாது. அந்தத் தொட்டியில் மொத்தத் தண்ணீரே 56 லிட்டர். அதிலேயே தின்று, அதிலேயே கழிந்து, அதையே மூச்சு விட்டுக்கொண்டு ஆஸ்கர் நிற்கும். நீந்துகிறது என்று சொல்லமுடியாது, நிற்கும். "எங்க ஆஸ்கர் ரொம்பச் சாதுங்க, ஒரே இடத்துல இருக்கும்" என்று பெருமையாகச் சொல்கிற வீடுகள் உண்டு. பாவம், அதற்கு வேறு வழி என்ன இருக்கிறது?

ஃப்ளவர்ஹார்னின் கதை இன்னும் மோசம். இது இயற்கையில் எங்குமே இல்லாத மீன். 1990-களின் கடைசியில் மலேசியா பக்கம் பல அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கினார்கள். தலையில் புடைத்த கொண்டை, உடம்பில் எழுத்து மாதிரி கறுப்புப் புள்ளிகள். கொண்டை பெரிசானால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையோடு சேர்த்து அது தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. வாஸ்து மீன் என்ற பெயரில் விற்றார்கள், விற்கிறார்கள். ஈசான்ய மூலையில் வைத்தால் பணம் கொட்டும் என்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கை. மூலை பார்க்கிறவர்கள் தொட்டிக்குள் மீன் திரும்ப இடமிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதுவும் ஓர் அடி வளர்கிற, தன் நிழலோடுகூடச் சண்டை போடுகிற மீன். தனியாகவே வைத்தாலும் நாலடித் தொட்டிக்குக் குறையாமல் கேட்கும்.

இதில் யாரும் யோசிக்காத இன்னொரு கணக்கு, வருஷம். ஆஸ்கர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஆசைப்பட்டு வாங்குகிறான். பிளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடுகிறான். மீன் போகுமா? அது ஹாலிலேயே இருக்கும். அப்புறம் அதற்குத் தீனி போடுவது அம்மா, தண்ணீர் மாற்றுவதும் அம்மா. விடுமுறைக்கு வரும் பையன் தொட்டி பாசி பிடித்திருக்கிறது என்று கோபித்துக்கொள்வான்! பெரிய தொட்டிக்குத் திட்டம் போடும் மாணவர்கள் முதலில் எழுதிவைக்க வேண்டியது தொட்டியின் நீள அகலத்தை அல்ல. அடுத்த ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயைப் பிடிக்கப்போகிறவரின் பெயரை.

சரி, தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் வேப்பூர்க்காரர்களுக்கு அவர்களே அறியாத ஒரு வசதி இருக்கிறது.

பாறைப் பாங்கான இந்தப் பக்கத்தில் பல போர்களின் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டும், குழாய் வாயில் சுண்ணாம்பு படியும். "உப்புத் தண்ணி" என்று ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, நாக்கில் வைத்தால் கரிக்கும் சோடியம் உப்பு. மற்றொன்று, பருப்பை வேகவிடாத கால்சியம், மெக்னீசியம் உப்புகள். இந்த இரண்டாவது வகைக்குத்தான் கடினத்தன்மை என்று பெயர். டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், பிரித்துச் சொல்லாது. அதை வைத்து மீன் தேர்ந்தெடுக்கமுடியாது. கடினத்தன்மை, காரத்தன்மை, பி.ஹெச்., நைட்ரேட் இந்த நான்கையும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் உரம் கொட்டுகிற ஊரில் நைட்ரேட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. அது மீனுக்கு மட்டுமல்ல, வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் முக்கியம்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரித் தண்ணீரின் பி.ஹெச். ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை. டாங்கனிக்கா ஏரியில் அது 9-ஐத் தொடும். பாறை நிறைந்த அந்த ஏரிகளில்தான் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள், வேறெங்கும் இல்லாதவை, உருவாயின. அவற்றுக்குக் காரத்தன்மையுள்ள கடினத் தண்ணீர்தான் வேண்டும். மலாவியின் பாறை மீன்களை அந்த ஊர் மொழியில் ம்புனா என்பார்கள். எலுமிச்சை மஞ்சள், ஆகாய நீலம், நீலத்தில் கறுப்புப் பட்டை... கடல் மீன் தோற்றுப்போகும். பெரும்பாலானவை நாலைந்து அங்குலத்துக்குள் நின்றுவிடும். எலெக்ட்ரிக் எல்லோ என்று விற்கப்படும் மஞ்சள் மீன் நாலு அங்குலம்தான். வேப்பூரில் பருப்பை வேகவிடாத தண்ணீரைத் திறந்துவிட்டால் இந்த மீன்களுக்கு அது சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்தால் போதும். (நிஜமாகவே நாக்கில் கரிக்கிற தண்ணீர் என்றால் கதை வேறு. அதை மீனுக்கும் பயன்படுத்த வேண்டாம்.)

இப்போது டிஸ்கஸ் வைக்க ஆசைப்படும் வீட்டைப் பாருங்கள். அதுவும் சிக்லிட்தான், ஆனால் அமேசான் காட்டின் மழைத் தண்ணீரில் பிறந்தது. மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள தண்ணீர், 28 டிகிரிக்குக் குறையாத சூடு. போர் தண்ணீரில் அதை வைக்கமுடியாது என்றதும் என்ன செய்கிறார்கள்? ஆர்.ஓ. மெஷின்! ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி என்றால் 680 லிட்டர். வாரம் முப்பது சதவீதம் மாற்றினால் 200 லிட்டர், அதாவது பதின்மூன்று பதினாலு குடம். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துக் கீழே விடும். ஆக, 200 லிட்டருக்கு 600 முதல் 800 லிட்டர் தண்ணீர் பூமியிலிருந்து எடுக்கவேண்டும். ஒவ்வொரு வாரமும்! சித்திரை வைகாசியில் தெருக்குழாயடியில் குடம் வரிசை கட்டி நிற்கும் ஊரில், ஐந்து மீனுக்காக இதைச் செய்வது சரியா? சட்டப்படி தப்பில்லை, காசு இருந்தால் செய்யலாம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடத்தோடு கடந்து போகும்போது அந்தக் கழிவுக் குழாயைப் பார்க்கத்தான் செய்வார்.

மலாவி மீன் வைத்தாலும் 200 லிட்டர் மாற்றத்தானே வேண்டும் என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் ஒரு சொட்டு வீணாகாது. போர் தண்ணீர் நேராகத் தொட்டிக்கு. தொட்டித் தண்ணீர் நேராகத் தென்னைக்கும் முருங்கைக்கும் வாழைக்கும். மீன் கழிவில் உள்ள நைட்ரேட் செடிக்கு உரம். ஆவியாகிப்போன அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஊற்றுவது மட்டும் போதாது, எடுக்கவும் வேண்டும். குடம் வேண்டாம், ஒரு நீள ஹோஸ் பைப் வாங்கிவிட்டால் அம்மாவின் இடுப்பு தப்பிக்கும். தொட்டி பட்ஜெட்டில் முதல் செலவே அந்தப் பைப்பாக இருக்கட்டும்.

காரத் தண்ணீருக்கு ஒரு பாதகமும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் நேரடி விஷம். 25 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் அந்தப் பகுதி ஒரு சதவீதத்துக்கும் கீழே. பி.ஹெச். 8 என்றால் ஐந்து சதவீதத்துக்கு மேல். 8.5-இல் கிட்டத்தட்டப் பதினைந்து. சூடு ஏறினால் இன்னும் கூடும். அதாவது மற்றத் தொட்டிகளில் மீன் தப்பித்துக்கொள்ளும் அதே அழுக்கு, இங்கே ஒரே ராத்திரியில் கொன்றுவிடும். எனவே ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது. கண்ணாடியில் ஒட்டிவைக்கும் குட்டி ஃபில்டர் வேலைக்கு ஆகாது. தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டி வைத்து (வீட்டுத் தண்ணீர் சம்ப் மாதிரியே இதற்கும் சம்ப் என்றுதான் பெயர்) அதில் பஞ்சும் செராமிக் வளையங்களும் நிரப்பி, மணிக்கு நாலைந்து முறையாவது மொத்தத் தண்ணீரும் அதன் வழியே சுற்றிவர வேண்டும்.

செராமிக் என்றதும் விருத்தாசலம் ஞாபகம் வராமல் இருக்குமா? ஃபில்டருக்குள் போடும் அந்த வெள்ளை வளையம், நுண்துளைகள் உள்ள சுட்ட களிமண்தான். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்தத் துளைகளில் குடியிருக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பயிலகம் அங்கே இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, மின்சார ஃப்யூஸ் கட்டை எல்லாம் செய்த சூளைகள். வீடுகளில் ஃப்யூஸ் கட்டை இருந்த இடத்தில் எம்.சி.பி. வந்து உட்கார்ந்தபிறகு அந்தச் சரக்குக்கு முன்னிருந்த மவுசு இல்லை. இந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் ஒளிய பிளாஸ்டிக் குகையும் ரெசின் மண்டை ஓடும் வாங்குவது வேடிக்கையாக இல்லையா?

ம்புனாவுக்குத் தேவை நிறையப் பொந்துகள். உடைந்த பீங்கான் குழாய்த் துண்டுகள், கவிழ்த்து வாயில் ஒரு பக்கம் உடைத்த மண்சட்டி, பக்கத்துக் குவாரிக் கல்... இவை போதும். டிஸ்கஸ், ஏஞ்சல் மீன் வளர்ப்பவர்கள் முட்டையிட வைக்கும் கூம்புகூட மெருகு போடாத சுட்ட மண்தான். இதையெல்லாம் அளவு பார்த்துச் செய்து, வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூருக்கு அனுப்ப விருத்தாசலத்துச் சின்னப் பட்டறை ஏதாவது முயன்று பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. கலர் கிளேஸ் அடித்த பொம்மை, கோப்பை எதையும் தொட்டிக்குள் போடக்கூடாது. சில மெருகுகளில் ஈயமோ வேறு உலோகங்களோ இருக்கலாம், தண்ணீரில் கிடந்து கிடந்து அவை கசியும். வெறும் மண்ணாக இருப்பதே நல்லது.

எடையையும் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் இது மீனோடு போகிற விஷயமில்லை. ஆறடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் அதுவே 120 கிலோவுக்கு மேல். கல், மணல், இரும்பு ஸ்டாண்டு, கீழே சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன். அது நிற்கும் இடமோ பன்னிரண்டு சதுர அடி, ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இந்தியத் தரநிர்ணயப்படி வீட்டு அறைத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படிதான் கணக்கிடுகிறார்கள். மாடியில் வைக்க ஆசைப்பட்டால் கட்டட இன்ஜினியரிடம் காட்டாமல் வைக்கவே கூடாது. "எங்க மேஸ்திரி ஸ்ட்ராங்கா போட்டிருக்கார்" என்பதெல்லாம் கணக்கில் வராது. தரைத்தளத்தில், சுவரோரமாக, மட்டம் பார்த்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டு வைக்கலாம். பெரிய கற்களைத் தொட்டியின் அடியில் நேராக உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டவேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால் சிக்லிட் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி உடையும்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வேப்பூர் வீட்டுக்கு ஆறடி தேவையே இல்லை என்று தோன்றுகிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 255 லிட்டர். மூன்று இன ம்புனா, ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று பெண், ஆக ஒரு டஜன். ஆணின் முரட்டுத்தனம் ஒரே பெண் மேல் விழாமல் பிரிந்துபோகும். வாரம் ஐந்து குடம் தண்ணீர். இருக்கிற இரண்டடித் தொட்டியைத் தூக்கிப்போட வேண்டாம், அதுவே அடிபட்ட மீனுக்கு ஆஸ்பத்திரி, குஞ்சுகளுக்கு நர்சரி.

கரண்ட்? 40 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு அறுபது. 2016-இல் வந்த இலவச 100 யூனிட் கணக்கில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது! அதைவிடப் பெரிய விஷயம் கரண்ட் போவது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் ஏழுக்கு வந்துவிடும். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை அதிகம். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் கூட்டமான தொட்டி திணறும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று கட்டாயம். ஹீட்டர் மார்கழி, தை ராத்திரிகளுக்கு மட்டும். மற்ற நாளில் தண்ணீர் மேல் படும்படி ஒரு டேபிள் ஃபேன் அதைவிட உபயோகம்.

தீனி விஷயத்தில் அன்பு கொல்லும். ம்புனா, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் சைவப் பிராணி. அதற்கு ரத்தப்புழுவும் ஈரலும் போட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும். ஸ்பைருலினா கலந்த தீனி, இடையிடையே வெந்நீரில் காட்டி எடுத்த பசலைக்கீரை. வாரத்தில் ஒரு நாள் விரதம்.

ஆப்பிரிக்கா வேண்டாம், இங்கேயே ஏதாவது இல்லையா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்று இனம். அதில் பெரியது கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் சுட்டுத் தின்னும் கரிமீன். சின்னது மூன்று அங்குல ஆரஞ்சு குரோமைட். அதன் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரும் கழிமுகத்தில் கரிமீன் இருக்கிறது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கடினம் எல்லாம் அதற்குப் பழக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கரிமீன் குஞ்சு உற்பத்தியில் வேலை செய்திருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் ஃப்ளவர்ஹார்னுக்குக் கூடும் கூட்டம் இதற்குக் கூடாதது என்னமோ உண்மைதான். கொண்டை இல்லையே!

குஞ்சுகள்... ம்புனா விடாமல் குஞ்சு போடும். இடம் போதாமல் போகும் நாள் வரும். ஆஸ்கர் வைத்திருக்கும் வீட்டிலும் தொட்டி கொள்ளாத நாள் வரும். அன்றைக்கு யாராவது ஒருவர் சொல்வார்: "பாவம், கொல்லக்கூடாதுப்பா. ஏரியில விட்டுடு, பிழைச்சுப் போகட்டும்." கேட்க நல்ல மனசு மாதிரி இருக்கும். தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு வரும், யாரும் தின்னாத, முள்ளும் ஓடுமான அந்தக் கறுப்பு மீன், தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய என்று வாங்கிய டேங்க் கிளீனர்தான். இப்படி ஒரு நல்ல மனசுதான் அதைக் கொண்டுபோய் விட்டது. ஃப்ளவர்ஹார்ன் சிங்கப்பூர், மலேசிய நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. ஆப்பிரிக்காவிலேயே விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். 1980-களுக்குள் அந்த ஏரிக்கே உரிய சிக்லிட்களில் சுமார் 200 இனங்கள் அழிந்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே வேட்டையாடப்பட்டது சிக்லிட். இங்கே ஜிலேபி ரூபத்தில் கெண்டைக் குஞ்சையும் கெளுத்தியையும் நெருக்கித் தள்ளியதும் சிக்லிட்தான்.

எனவே வாங்கும்போதே கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைக்க வேண்டும்: "அண்ணே, பெரிசாயிட்டா, குஞ்சு போட்டா, திருப்பி எடுத்துக்குவீங்களா?" முடியாது என்றால் அந்த மீனை அங்கே வாங்கவேண்டாம். வகுப்பில் இன்னும் நாலு பேர் தொட்டி வைத்திருந்தால் அவர்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆண், பெண் கணக்கும் அதில் சரியாகும்.

கடைசியாக, காலக் கணக்கு. தொட்டி வந்து, கல்லடுக்கி, தண்ணீர் நிரப்பி, மோட்டாரைப் போட்டதும் மீன் வாங்கப் பஸ் ஏறக்கூடாது. ஃபில்டரில் பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய இரண்டடித் தொட்டியின் ஃபில்டர் பஞ்சைப் புது சம்ப்பில் பிழிந்துவிட்டால் கொஞ்சம் முன்னாலேயே ஆகும். தினமும் துளி தீனி போட்டு, வாரம் இரண்டு முறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்த்து, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் அங்கேயே நிற்கும் வரை காத்திருக்கவேண்டும். அதுவரை வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் ஹாலில் நின்று குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, மீனே இல்லாத தொட்டிக்கு லைட்டு எரியுது?" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.